அந்தச் சுவரின் வரைபடம் என்னுடையது

பாசமுள்ள சவரிமுத்து அண்ணே,

போன மாதம் மதுரையில் எனக்கு நேர்காணல் நடந்தது. பட்டயப் பொறியாளர், அதாவது சார்ட்டர்ட் இன்ஜினியர் தகுதிக்கான நேர்காணல். "ஒருநா நீங்களும் சொந்தமா சீல் குத்துவீக, பாத்துக்கிட்டே இருங்க" என்று சைட்டில் சொல்வீர்களே, அதற்குத்தான். என்ன ஆயிற்று என்று உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் இத்தனை நாள் தள்ளிப் போட்டுவிட்டேன்.

தேனியில் அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்தபோது சைட்டுக்கு வந்த ஒரே பெண் இன்ஜினியர் நான்தான். நான் சொல்லும் அளவைக் கொத்தனார்கள் உங்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். "அவுகதான் இன்ஜினியரு. அவுககிட்டக் கேளுங்கப்பா" என்று என்னிடமே திருப்பி அனுப்புவீர்கள். இருபது வருட அனுபவமுள்ள சூப்பர்வைசர் அப்படிச் சொன்னதால்தான் அவர்கள் என்னை மதித்தார்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்கு நான் என்ன செய்தேன்?

உங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்குப் போகிற பாதையில், வாய்க்கால் ஓரம் தடுப்புச் சுவர் கட்டினோம். வரைபடம் நான் போட்டது. நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"தங்கச்சி, செவுத்துக்குப் பின்னால சரளை போடச் சொல்லி இதுல இல்லையே. வெறும் மண்ணக் கொட்டுனா தண்ணி வடியிற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிரும். அப்புறம் தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"டிராயிங்ல இருக்கிறதச் செய்ங்கண்ணே. நேரமில்ல" என்றேன். வரைபடத்தை நான் திரும்ப எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நீங்களும் அதைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

சுவர் முடிந்து இரண்டு மாதத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினைந்தே நாளில் போய்விட்டீர்கள். அந்த ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி, வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மகேசு, சூப்பர்வைசர் கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் போட்டுரு. செத்துப்போன மனுசனுக்கு இனிமே என்ன வந்துரப் போகுது?" நான் எழுதினேன் அண்ணே. கையெழுத்தும் போட்டேன். பிறகு அந்தச் சுவரை இடித்து, பின்னால் சரளை அடுக்கி, நானே திரும்பக் கட்டினேன்.

நேர்காணலுக்கு முன் ஓர் அனுபவ அறிக்கை அனுப்ப வேண்டும். நாமே கண்டுபிடித்துத் தீர்த்த ஒரு சிக்கலை அதில் விளக்க வேண்டும். என்னிடம் இருந்ததிலேயே எடுப்பான வேலை அந்தச் சுவர்தான். அதையே எழுதி அனுப்பினேன்.

பிறகு மூன்று வாரம் பயிற்சி. என் வீட்டுக்காரர் செந்தில் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். நான் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வேன்.

"சுவர் சரிஞ்சதுக்கு என்ன காரணம்?"

"மேற்பார்வையில் நடந்த கவனக்குறைவு."

"யாரு அந்த சூப்பர்வைசரு?"

நான் அடுத்த காயை எடுத்தேன். அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். "நம்ம கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் நின்னு பரிமாறுனாகளே, அவுகளா?"

"ஆமா."

"அவுகளா கவனமில்லாதவுக?"

பையை எடுத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார். அப்போதாவது நான் அறிக்கையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஏன் பெறவில்லை? இத்தனை வருடப் படிப்பும் உழைப்பும் வீணாகிவிடும் என்று நினைத்தேன். உங்களை நினைக்கவில்லை.

போடி ரயிலில் மதுரை போனேன். நேர்காணல் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா என் அறிக்கையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. அதை எப்படி உறுதி பண்ணுனீங்க?"

மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் உங்கள் முகம்தான் கண்ணில் வந்தது, வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம்.

"உறுதி பண்ணல மேடம். அவர் மேல தப்பே இல்ல. வரைபடத்துல சரளையை விட்டது நான். அவர் கேட்டார். நான்தான் காதுல போட்டுக்கல."

"அப்ப இந்த அறிக்கை?"

"பொய்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க போகலாம்" என்றார். வெளியே வந்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. தகுதி இல்லை, அடுத்த ஆண்டு புதிய அறிக்கையோடு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. கம்பெனியிலும் உண்மையை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதை வாசித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து என்னைச் சைட்டுக்கு அனுப்புவதில்லை.

போன வாரம் உங்கள் வீட்டுக்கு மதினியைப் பார்க்கப் போனேன். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் வாசலில் நிற்க வைத்தே கேட்டுக்கொண்டார்.

"தெனமும் அந்தச் செவுத்தத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். 'சவரிமுத்து கட்டுனது சரிஞ்சு போச்சு'ன்னு என் காதுபடவே பேசுவாக. தல குனிஞ்சுக்கிட்டே போவேன். இப்ப எங்கிட்ட மட்டும் வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? கோயிலுக்கு வா. ஊரு கூடியிருக்கும். அங்கன சொல்லு."

உள்ளே வரச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வருகிற ஞாயிறு உங்கள் ஊர்த் தேவாலயத்தில் உங்கள் நினைவுப் பூசை. முடிந்ததும் பேசப் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். செந்திலும் கூட வருகிறார். ஊர் என்னை என்ன சொல்லும் என்று இப்போதே பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருவேன் அண்ணே. உங்கள் ஊர்ச் சனம் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சவரிமுத்து சரியாகத்தான் சொன்னார், கேட்காதவள் நான் என்று சொல்லிவிட்டுத்தான் பீடத்துப் படியிலிருந்து இறங்குவேன்.

நீங்கள் வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்ட
மகேஸ்வரி