பாதி உப்பளம், மீதி ஜன்னல்

மரக்காணம்,
மார்கழி 1, திங்கட்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வைஜெயந்தி எழுதுகிறேன். இந்த உறையைப் பிரித்ததும் முதலில் உன் கையில் வந்திருப்பது நீ கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தமாகத்தான் இருக்கும். பதினெட்டுப் பக்கமும் இருக்கின்றன, சரிபார்த்துக்கொள். நான் கையெழுத்துப் போட வேண்டிய ஐந்து இடங்களில் நீ பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். அந்த ஐந்து குறியும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் என் பெயர் இல்லை. மறதியால் விட்டதல்ல.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக "சரிண்ணா" என்று சொல்லிவிடுகிறது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுப்பது என்பதில் தொடங்கி, நம் பங்கு உப்புப் பாத்தியை விற்றது வரை நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் பின்வாங்க முடியாது.

வீட்டில் எல்லோரும் நலம். தமிழ்நிலாவுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. புயலில் பறந்த சமையலறை ஷீட்டை மாற்றிவிட்டோம். உப்பு லாரிக்கு இப்போது ஓட்டம் குறைவு என்பதால் இவர் வீட்டில்தான் இருக்கிறார். "உன் அண்ணன்கிட்ட நீயே பேசிக்கோ. நான் மாப்பிள்ளை, நடுவுல வந்தா எனக்குக் கெடைக்கிற கறி சோறும் போயிடும்" என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஊசி போட்டுக்கொண்டார்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ காரில் ஏறும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பதினஞ்சாம் தேதிக்குள்ள கையெழுத்து வரலன்னா, இனிமே அண்ணன்னு சொல்லிக்கிட்டு எதுக்கும் என் வாசல்ல வந்து நிக்காதே." பதினைந்தாம் தேதி நேற்றோடு போய்விட்டது. ஆனாலும் இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு என்றுதான் தொடங்கியிருக்கிறேன். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் கோபத்துக்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மாவட்டம் முழுவதற்கும் அந்தக் கண்ணாடி துடைக்கும் கம்பெனியின் ஃப்ரான்சைஸை நீ எடுத்திருக்கிறாய். அதை ஐந்து ஏரியாவாகப் பிரித்து ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். தங்கையே மறுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. அதோடு என்னைப் பற்றிய கவலையும் உனக்கு நிஜமாகவே உண்டு. ரிசார்ட்டில் ஹவுஸ் கீப்பிங் வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது முதலில் ஓடி வந்தவன் நீதான். கண்ணாடி துடைக்கும் தொழில் என்ற யோசனையை எனக்குக் கொடுத்ததும் நீ. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அனுமந்தை வீட்டுக் கதையை நீ எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். அதை உனக்குச் சொன்னதே நான்தான், அதுவும் சிரித்துக்கொண்டே. கடலைப் பார்த்தபடி பத்தொன்பது ஜன்னல் இருக்கும் டாக்டர் ஜெயப்ரியாவின் வீடு. எங்களுக்கு முதல் வேலை. காலையில் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோப்புப் போட்டு, வைப்பரால் இழுத்து, பளபளவென்று விட்டுவிட்டு வந்தோம். மதியம் அந்த அம்மா போட்டோ அனுப்பி, "கழுவினீங்களா, கோலம் போட்டீங்களா?" என்று கேட்டார். கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கூலி வாங்கவில்லை. வாங்க முகமும் இல்லை.

அதைத்தான் நீ, என்னோடு வேலைக்கு வரும் செல்லம்மாளையும் மற்ற இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினாய். "இவங்கள வச்சிக்கிட்டா தொழில் பண்ணப் போற? உப்பு வார்ற பொம்பளைங்க" என்றாய். செல்லம்மாள் அதற்குச் சொன்ன பதிலை நீ காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். "ஆமாங்க, உப்பு வார்றவங்கதான். அந்தக் கண்ணாடி மேல இருக்கிறதும் அதே உப்புதானுங்களே."

அண்ணா, அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை, அந்த அம்மாவுக்கு வந்தது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். நீ சென்னையில் வேலைக்குப் போய் என்னைத் திண்டிவனம் கல்லூரியில் படிக்க வைத்தாய். மூன்று வருடம் லேபில் நின்று, கொடுத்த பொடியில் என்ன உப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதியவள், கடலோர போர்வெல் தண்ணீரைப் பிடித்து உப்பைக் கழுவப் போயிருக்கிறேன். உப்பின் மேல் உப்பையே ஊற்றியிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்தவள் செய்யக்கூடிய தவறா அது? தண்ணீர் உப்பாக இருப்பது எங்களுக்கு அவ்வளவு பழகிவிட்டது, அதனால்தான் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

நீ போன மறுநாள் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து மொட்டை மாடியில் வைத்தேன். ஆறு விதத் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டு. டாக்டர் வீட்டுக் குழாய், எங்கள் தெருக் குழாய், கடற்கரைக் கைப்பம்பு, கேன் தண்ணீர், ஈ.சி.ஆருக்கு மேற்கே இருக்கும் வயல் கிணறு, டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீர். பக்கத்தில் தமிழ்நிலாவின் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதினேன். அன்று நல்ல வெயில். பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. டாக்டர் வீட்டுச் சொட்டு இருந்த இடத்தில் நகத்தால் சுரண்டுகிற அளவுக்கு வெள்ளை வளையம். தெருக் குழாயும் கைப்பம்பும் அதே கதைதான். கேன் தண்ணீரில் லேசாக ஒரு தடம். கிணற்றுத் தண்ணீரில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். மழைத் தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்க நீ அழைத்து வந்த பிரபாகரன் தம்பி, கம்பெனி மருந்தை எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் கலந்து வாசல் ஜன்னலைத் துடைத்துக் காட்டியதும் நீ கை தட்டினாயே, அது நீங்கள் திண்டிவனம் தாண்டுவதற்குள் வெளுத்துவிட்டது. அந்தத் தம்பி மேல் குறை சொல்லவில்லை. நல்ல பையன், வேலை தெரிந்த கை. ஆனால் அவன் படித்த புத்தகத்தில் மரக்காணம் இல்லை.

அந்த வாரம் முழுக்க ஒப்பந்தத்தைப் படித்தேன். வரி வரியாக, அகராதி வைத்துக்கொண்டு. நீ முழுதும் படித்தாயா, தெரியவில்லை. மாதம் ஒரு முறை மட்டும்தான் சர்வீஸ். இங்கே கடல் காற்று வீசும் மாதங்களில் நாலு நாளில் கண்ணாடி மங்கிவிடும். வேலை ஆட்களுக்கு வயது இருபத்தொன்றிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். செல்லம்மாளுக்கு ஐம்பத்திரண்டு. எனக்கு நாற்பத்து நாலு. என் கம்பெனியில் எனக்கே வேலை கிடைக்காது! பிறகு பதினொன்றாம் பிரிவு: பிடிக்கவில்லை என்று விலகினால், மூன்று வருடத்துக்கு இந்த வட்டாரத்தில் இதே தொழிலை நான் செய்யக் கூடாது. அதைப் படித்ததும் ஒப்பந்தத்தை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். என் ஊரில் எந்த ஜன்னலைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்ல இவர்கள் யார்?

கடைசிப் பக்கத்தில் வரைபடம். எனக்குரிய ஏரியாவுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. அண்ணா, அதில் பாதி உப்பளம். அங்கே இருக்கிற ஒரே ஜன்னல் மோட்டார் ரூமில் இருக்கிறது, அதற்கும் கண்ணாடி கிடையாது. கண்ணாடி வீடுகளும் ரிசார்ட்டுகளும் வரிசையாக நிற்கிற கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ரோஸ் கலரில் இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் அண்ணியின் தம்பி சுரேஷின் பெயர். கோடு போட்டவன் சென்னையில் உட்கார்ந்து போட்டானா, நீ பக்கத்தில் இருந்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

கம்பெனியில் நல்லதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பெயர் இருக்கிறது, சீருடை இருக்கிறது, விழுந்தால் காப்பீடு இருக்கிறது. போன வாரம் ஒரு ரிசார்ட் மேனேஜரிடம் வேலை கேட்டுப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தக் கம்பெனிங்க?" என்பதுதான். எந்தக் கம்பெனியும் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரோட்டோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது பழைய வேலையின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. ஒன்பது வருடம் புடவையில் குத்தியிருந்த பேட்ஜை கேட்டிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் புடவையில் இரண்டு சின்ன ஓட்டை. ஒன்பது வருட வேலைக்கு என்னிடம் மிஞ்சியது அதுதான். இன்னொருவர் பெயரை மறுபடியும் குத்திக்கொள்ள என்னால் முடியாது. தபால் ஆபீசில் நாலு பேருக்கும் விபத்துக் காப்பீடு போட்டுவிட்டேன். சீருடைக்குப் பதில் நாலு பேரும் ஒரே நிறத்தில் மேல்சட்டை போட்டுக்கொள்கிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. தமிழ்நிலா தினமும் நாலு பெயர் சொல்கிறாள், ஒன்றும் வாயில் நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் வீட்டுக்கு மறுபடி போனோம். "காசு வேண்டாம், ஒரு தடவை விடுங்கள்" என்று கேட்டு வாங்கிய வாய்ப்பு. மழைத் தண்ணீரை எட்டு கேனில் பிடித்து லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வாட்ச்மேன், "ஏம்மா, வீடு முழுக்கத் தண்ணி இருக்குது, கூலி குடுத்துத் தண்ணி தூக்கினு வர்றீங்களே, மூளை கீளை இருக்குதா?" என்று சிரித்தான். செல்லம்மாள் யாரையும் துணி வைக்க விடவில்லை. முதலில் தண்ணீரை மேலிருந்து ஒழுக விட்டு உப்பைக் கரைய விட வேண்டுமாம், கரையாத உப்பைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழுமாம். வழிகிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் இருக்குது, ஊத்து" என்றார். உப்புக் கரிப்பது நின்ற பிறகுதான் வைப்பரைக் கையில் கொடுத்தார். வரைபடத்தில் பச்சையாய் இருக்கிற அதே உப்பளத்தில் முப்பது வருடம் நின்ற நாக்கு அது.

நேற்று காலை டாக்டரம்மா போன் செய்தார். இரண்டு நாள் கழித்தும் கண்ணாடி இருப்பதே தெரியவில்லையாம், ஒரு மைனா வந்து மோதிவிட்டுப் போனதாம். இனி வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார். தெரிந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு வீடு கீழ்புத்துப்பட்டில், சுரேஷின் ரோஸ் கலருக்குள். நான் போகத்தான் போகிறேன். அவனிடம் நீயே சொல்லிவிடு.

கோடையில் மழைத் தண்ணீருக்கு எங்கே போவாய் என்று கேட்பாய். வயல் கிணற்றுக்காரரிடம் பேசிவிட்டேன். தோற்றாலும் தோற்பேன் அண்ணா. ஆனால் தோற்றால் மறுநாள் காலையில் இதே ஊரில் இதே வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி தொடங்க எனக்கு உரிமை இருக்கும். நீ என் பெயரில் கட்டிய முன்பணம் திரும்ப வராது என்றால் சொல், கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன். என்னைக் கேட்காமல் கட்டினாய் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை ஒரு குறை இருந்தது. டாக்டர் வீட்டு மாடியில் மூன்று ஜன்னல் எட்டவில்லை. பஞ்சாயத்தில் தெருவிளக்கு மாட்டுகிறவரிடம் ஏணி இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். மூங்கில் ஏணி, ஒரு படி ஆடுகிறது, நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நான்தான் ஏறினேன். பாதிக்கு மேல் அந்தப் படி ஆடியதும் இறங்கிவிட்டேன். அந்த மூன்று ஜன்னலும் இன்னும் மங்கலாகத்தான் இருக்கின்றன.

தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட நீ எனக்குச் சீர் கொண்டு வராமல் இருந்ததில்லை. ரோடெல்லாம் வெள்ளமாக இருந்த வருடம்கூடக் கரும்பைக் காரின் மேல் கட்டிக்கொண்டு சுற்று வழியில் வந்து சேர்ந்தாய். உன் வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்றாய். சரி, நிற்கவில்லை. என் வாசலுக்கு நீ வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

இந்த வருடம் புடவை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கரும்பு இங்கேயே கிடைக்கும். எனக்கு ஒரு அலுமினிய ஏணி வாங்கிக்கொண்டு வா. பன்னிரண்டு அடி போதாது, பதினாறு அடி. காலில் ரப்பர் இருக்கிறதா என்று பார். கடையில் நீயே ஒரு தடவை ஏறிப் பார்த்து வாங்கு, அப்போதுதான் எனக்குப் பயமிருக்காது. கொரியரில் அனுப்பாதே. கரும்பைக் கட்டுகிற மாதிரி காரின் மேல் கட்டிக்கொண்டு, பகலில், தெருவே பார்க்க வா. மாடியில் அந்த மூன்று ஜன்னலை நான் துடைக்கும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அண்ணிக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

என்றும் உன் தங்கை,
வைஜெயந்தி