பிள்ளைச் சால்வையின் கடைசி முடிச்சு

தளி
12.12.2006

அன்பு மகள் காவேரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ நலமா என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை கண்ணு. ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று மாப்பிள்ளை பிரதாப் போனில் சொன்னதிலிருந்து நீ பேசவே வரவில்லை. பேச வேண்டாம், இதைப் படித்தால் போதும். அப்பா தோட்டத்துக்குப் போகிறேன் என்று போய், கோஸ் பாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறார். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

உன் சால்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூர் கடைக்கு நாங்கள் பூ வேலை செய்கிற அதே மரச்சட்டத்தில் அதைக் கட்டி, இந்தப் பக்கம் நானும் எதிர்ப்பக்கம் என்னோடு வேலை பார்க்கிற உன் பார்வதியக்காவும் உட்கார்ந்து ஊசியால் பூப்போட்டோம். உன்னையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றுகிற அகலம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளைச் சால்வையில் கடைசிப் பூவை முடியாமல் ஊசியோடு விட்டுவைப்போம், பிள்ளை பிறந்த பிறகு தாய்தான் முடிச்சுப் போட வேண்டும். நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், தொங்குகிற நூலைக் கண்டு கை சும்மா இராமல், கடை வேலைப் பழக்கத்தில் பார்வதி முடிச்சுப் போட்டு நறுக்கிவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார்.

அதன் பிறகு பார்வதி வேலைக்கே வருவதில்லை. தேடிப் போனால், 'என் கையாலதான் போச்சுக்கா, காவேரி மொகத்துல எப்டி முழிப்பேன்' என்று தேம்புகிறாள். தெருவிலும் அதையேதான் பேசுகிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. ஆத்திரம் தாங்காமல் குழாயடியில் நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். பார்த்தால் நீயும், அந்த ஊர்ப் பனியில் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது என்று புலம்புகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். அடி பைத்தியக்காரி, டாக்டரே அதனால் இல்லை என்று சொன்ன பிறகு என்ன புலம்பல். ஒரு நூல் முடிச்சுக்கு அத்தனை சக்தி இருந்தால் உன்னை விமானம் ஏற விட்டிருப்பேனா, என் முந்தானையிலேயே முடிந்து வைத்திருக்க மாட்டேனா. எனக்கும் நெஞ்சு வெடிக்கிறது, பேரப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே. ஆனால் யாரைக் குற்றம் சொல்ல.

சால்வையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முடிச்சைப் பிரிக்கவில்லை. பெட்டியில் போட்டுப் பூட்டாதே, குளிருக்குப் போர்த்திக்கொள், அது இனி என் பிள்ளைக்கு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை, அவருக்கும் போனது பிள்ளைதான். மாரியம்மனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் உன்னைக் காக்கச் சொல்லி அவளிடம்தானே கேட்க வேண்டியிருக்கிறது. நன்றாக இரு மகளே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்வதியை நம் வீட்டுக்கு இழுத்து வருகிறேன். மறக்காமல் போன் செய். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. உன் மேல் தப்பில்லை அக்கா என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல். சொல்லும்போது உன் காதிலும் விழும்.

உன் அம்மா
ராஜலட்சுமி