புளி போட்டு மினுக்கின சதங்கள்

வேலைக்கு ஓடும் அவசரத்தில், சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே யோகராணி மகளுக்கு ஒரு சீட்டுக் கிறுக்கினாள்.

"நிலாணி, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்பில இருக்கு. சூடாக்கிச் சாப்பிடு. நாலு மணிக்கு ஸ்ரௌவ்வில்லில இருந்து வதனி மாமி வருவா, உன்ர நாணய அல்பம் பாக்க. கீழ நிண்டு பஸர் அடிப்பா, திறந்துவிடு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நிற்கவில்லை.

"அல்பம் வாங்கித் தந்ததும் மாமி. காசை விளிம்பில பிடிக்கப் பழக்கினதும் மாமி. நான் ஒருநாள் தொட்டதுக்கு 'அம்மா, நோ!' எண்டு கத்தினனி. நான் என்ன பிறத்தி ஆளே?"

வியாழக்கிழமை குத்துவிளக்கு மினுக்கியபோது, மிச்சப் புளியில் மகளின் அல்பத்தில் இருந்த பழைய செப்புச் சதக் காசுகள் அத்தனையையும் போட்டுத் தேய்த்திருந்தாள். பொன்னாய் மின்னின. 'வதனி வந்து பாக்கட்டும்' என்று வருச ஒழுங்கிலேயே திரும்பச் செருகியும் வைத்தாள். இன்று காலைதான் அல்பத்தின் பின்மட்டையை வாசித்தாள்: நாணயத்தைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது, மதிப்புப் போய்விடும்.

சீட்டின் அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"சதங்களைப் புளி போட்டு மினுக்கினது நான்தான். கூடாதெண்டு எனக்குத் தெரியாது. மாமி என்னை ஏசினால் நீயும் அவவோட சேந்து ஏசாதை."

கதவைப் பூட்டப் போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்:

"அவ போனாப்பிறகு ஏசு. நானும் நீயும் மட்டும் இருக்கேக்க."