உங்கள் முதுகுக்கு வாங்கிய பை

டேராடூன்

என்னங்க,

அத்தை நலமா? உங்களை நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

மலைச் சைக்கிளில் தண்ணீர் சுமக்க, பெண்களுக்கான பை கேட்டேன். ஆண்கள் பையை அனுப்பிவிட்டு, "கிரிவலம் முழுக்க மாட்டிக்கினு சுத்தினேன், சூப்பரா இருக்குது"னு போனில் பெருமை வேறு. தார்ரோட்டில் நடந்து மலைச் சைக்கிள் பையைச் சோதித்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் அது மேலேறி ஹெல்மெட்டைக் கண்வரை தள்ளியது. புதரில் விழுந்தேன். சிராய்ப்புதான், அத்தையிடம் சொல்லாதீர்கள். நெஞ்சுப் பட்டை அழுத்துகிற இடத்தை எழுதவே கூசுகிறது.

பட்டையில் உங்கள் வியர்வை வாடை. துவைக்கவில்லை.

இனி எதையும் பார்சல் அனுப்பாதீர்கள். லீவு போட்டு, வறுத்த மல்லாட்டையோடு (இங்கே விற்கிற வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை) வந்து, என் முதுகில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். என் அளவு உங்களுக்கு மறந்துவிட்டது.

தென்றல்