மாரிச்சாமி ஆடிய ஞாயிற்றுக்கிழமை

கார்த்திகை மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறிவிட்டது. துணிகளை வெயிலில் போட எடுத்தபோது அடியிலிருந்து பூஞ்சை வாடையோடு ஒரு வீடியோ கேசட் வந்தது. முதுகில் உன் கையெழுத்து: 'மாரி – அரையிறுதி.' எட்டு வருஷமாக இதை நான் யாருக்கும் காட்டவில்லை. உனக்கும்தான்.

நாம் இருவரும் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து டீமில் ஒன்றாக ஆடியவர்கள். பிறகு நீ உரக்கடை வைத்தாய். நான் தீப்பெட்டிக் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். ஆட்டம் போனாலும் பேச்சு போகவில்லை. எப்போதும்வென்றான் கிராமத்தில் ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் மாரிச்சாமி மாநில அணிக்குள் நுழைந்த அந்த முதல் வருஷம் நமக்கு வேறு பேச்சே கிடையாது. அவன் ஆட்டம் டிவியில் வருகிற நாளெல்லாம் உன் டெக்கில் பதிவு செய்வோம். மறுநாள் மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். போன ஆட்டத்துக்கு இந்த ஆட்டம் கால் வேகம் கூடியிருக்கிறது என்று சொல்லி, ஒரே இடத்தை நாலு தடவை ஓட்டிக் காட்டுவாய்.

தகராறெல்லாம் அவன் இடது கையைப் பற்றித்தான். எப்போதும் வலது பக்கமே போகிறான், எதிராளி கண்டுகொண்டால் அவ்வளவுதான், இந்த வயசுக்கு மேல் இடது கை வராது என்று நான் அடித்துச் சொல்வேன்.

"வரும்லே. லீவுக்கு வந்தா ஆட்டுக்குக் கொழை ஒடிக்கிறதே இப்ப எடது கையிலதான்" என்பாய்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது, இடது கை சரியில்லை என்று சொல்லித்தான் என்னைக் கழித்தார்கள். அது உனக்குத் தெரியும். ஒருநாளும் நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அரையிறுதிக்கு நாலு நாள் முன்னால் உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளம்பும்போது டெக்கையும், பேர் எழுதி ஒட்டிய புதுக் கேசட்டையும் என்னிடம் கொடுத்தாய். "முழுசும் எடுத்து வைலே. விளம்பரத்தக்கூட வெட்டாத."

எடுத்தேன். இடைவேளை வரை அவனை இறக்கவில்லை. பிறகு இறக்கினார்கள். முதல் பந்திலேயே வலது பக்கம் தோளைச் சாய்த்தான். எதிராளி அந்தப் பக்கம் நகர்ந்ததும் பந்தை இடது கைக்கு மாற்றி, உள்ளே புகுந்து கூடையில் போட்டான். அப்புறம் இன்னொன்று. அப்புறமும். நம் அணி தோற்றது. ஆனால் அன்று ஆடியவன் அவன்தான். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. என்னைக் கழித்த அந்த நாள்தான் கண்ணுக்குள் நின்றது.

செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். பேப்பரில் தோற்ற சேதி மட்டும் ரெண்டு வரி வந்திருந்தது.

"என்னலே, நம்ம பயல எறக்குனாவளா?"

"இல்லலே. பெஞ்சுலதான் இருந்தான். பாதியில கரண்டும் போயிட்டு. டேப்புல ஒண்ணும் இல்ல."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் போட்டுக் காட்டிவிடலாம் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நீ வீட்டுக்கு வரவில்லை.

உன் பதினாறாம் நாளன்று மாரிச்சாமி வந்தான். ஓரமாக என்னைக் கூட்டிப்போய் ஒரு இன்லண்டு கடுதாசியை நீட்டினான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நீ எழுதியது. எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிருந்தது. 'ஆட விடலன்னு சங்கடப்படாத. பெஞ்சுல இருந்து பாக்கவனுக்குத்தான் ஆட்டம் பூரா தெரியும். எடது கைய மட்டும் விட்டுறாத.'

"நான் ஆடினேனே அண்ணாச்சி. ஏன் இப்படி எழுதியிருக்காவ?"

அங்கேயாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை வேகம், கடைசியில் நீ நிதானத்தில் இல்லை என்று சொன்னேன். அவன் நம்பிவிட்டான். கடைசி மூச்சு வரை தெளிவாக இருந்தவன் நீ. உன்னைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவன், "பாவம், கடைசில அவியளுக்கு நெனவு தப்பிட்டு" என்று மைதானத்தில் பத்துப் பேரிடம் சொல்வான். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

நேற்று அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவான், வெளியே போகச் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப நான் நல்லா ஆடினேன்னு தெரியாமலே போயிட்டாவளா, அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். நானே வெளியே வந்தேன்.

இனி உன்னை நினைவு தப்பியவன் என்று அவன் சொல்லமாட்டான். என்னால் சரிசெய்ய முடிந்தது அவ்வளவுதான். அவன் கேட்டது என்னோடே வருகிறது, சாப்பிட உட்கார்ந்தாலும் வருகிறது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அவன் ஆடினான்லே. நல்லா ஆடினான். நீ சொன்ன மாதிரியே ஆடினான்.