சிட்டுவுக்கு நாலு செருப்பு

காமயகவுண்டன்பட்டி
25.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உமாதேவி எழுதிக்கொள்வது. நானும் யுவராணியும் நல்ல சுகம். சிட்டுவும் சுகம்தான், மூன்றரைக் காலில். அந்த அரைக்கால் கதையைச் சொல்லத்தான் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு மாசத்துக்குப் போன் கிடையாது என்று அந்த மறுவாழ்வு மையத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வேறு வழியில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் அளவைக் கிறுக்கிக் கிறுக்கி என் கை அப்படி ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்துவிட்டு வந்த வேல்பாண்டி அண்ணன் எல்லாம் சொன்னது. கை நடுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறதாம், சாப்பாடு இறங்குகிறதாம். கேட்கவே வயிறு நிறைந்தது. அதோடு நீங்கள் சொல்லி அனுப்பியதையும் சொன்னது. குடியெல்லாம் மறந்தாச்சு மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம உமாவ வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லு, நான் இல்லாம சிட்டு கெடந்து தவிக்கும், அத யாரு வாய்க்கா கரைப்பக்கம் கூட்டிட்டுப் போவா என்று கேட்டீர்களாம். தொண்ணூறு நாளில் முப்பத்தைந்து முடிந்திருக்கிறது. பெண்டாட்டி, பிள்ளை தவிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நாயைப் பற்றித்தான் கவலை என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், ஞாயிறன்று வந்து கையெழுத்துப் போட்டுவிடுவது என்று. உங்கள் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு எடுத்து வைத்தேன்.

சிட்டுவை யார் கூட்டிப்போவது என்று கேட்டீர்கள் இல்லையா, நான்தான். நீங்கள் போன முதல் வாரம் அது சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்தரை ஆனால் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடி ஓடி என் கொசுவத்தைக் கடித்து இழுக்கும். சிப்பிப்பாறை நாய் வளர்க்கிற வீட்டில் அதை ஓடவிடாமல் கட்டிப்போட்டால் பாவம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். சரியென்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். நான் அதைக் கூட்டிப்போனேனா, அது என்னை இழுத்துப்போனதா என்று ஊருக்கே தெரியும். திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

இந்த மாசம் ஒன்றாம் தேதி, பழைய மோட்டார் ரூம் திரும்புகிற இடத்தில் கயிறு கை நழுவிவிட்டது. மின்னிமறைகிற நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் ஓடிவிட்டது. திரும்பி வரும்போது முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. பார்த்தால் பாதத்தின் அடியில் இருக்கிற மெத்தை பிளந்து ரத்தம் கொட்டுகிறது. கண்ணாடிச் சில்லு. குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போட்டவன் எவனோ, அவன் கை விளங்காமல் போக என்று அந்த வாய்க்கால் கரையில் நின்று வாயாரச் சபித்து மண்ணை வாரித் தூற்றினேன். வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். அத்தனை ஒல்லியாக இருக்கிறதே ஒழிய, என்ன கனம்!

நம் வீட்டில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். ஒரு கைப்பிடி காப்பித்தூளை அப்பி, ஜாக்கெட் கைக்குப் போடுகிற எலாஸ்டிக்கை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நின்றது. காலையில் பார்த்தால் கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு உத்தமபாளையத்துக்கு ஓடினேன். அங்கே ரெஹானா என்று ஒரு கால்நடை டாக்டரம்மா, சின்ன வயசுதான், பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. காப்பித்தூள் நாய்க்கு விஷம், அது நக்கி உள்ளே போயிருந்தால் என்னம்மா செய்திருப்பீர்கள், எலாஸ்டிக்கை இப்படி இறுக்கினால் கால் அழுகிவிடாதா என்று. பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டுச் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாலே போதுமாம். பதினாறு வருஷமாகத் தையல் தொழில் செய்கிறவள், இறுக்கம் தெரியாமல் கட்டிவிட்டேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

விரல் இடுக்கிலிருந்து இன்னொரு சில்லை எடுத்து, மூன்று தையல் போட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் ஓடக் கூடாது, நக்கக் கூடாது. நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும் என்றார்கள். நான் பெயிண்ட் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி வைத்துத் தைத்து மாட்டிவிட்டேன். அந்த வாளியோடு அது நிலைப்படியில் முட்டி முட்டி நிற்பதைப் பார்த்து யுவராணி விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா சொன்ன மற்றதையும் எழுதுகிறேன், பின்னால் நீங்களும் செய்ய வேண்டும். நடந்துவிட்டு வந்ததும் நாலு காலையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்க்க வேண்டும். நெருஞ்சி முள்ளோ சில்லோ இருந்தால் அன்றே தெரிந்துவிடும். நகத்தை வளரவிடக் கூடாது. வெயில் நேரத்தில் தார் ரோட்டில் கூட்டிப்போகவே கூடாது. நம் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடிந்தால்தான் அதன் பாதமும் பொறுக்குமாம். கண்ணாடி கிடக்கிற வழியென்றால் வழியை மாற்றுங்கள், இல்லை செருப்புப் போடுங்கள் என்றார்கள். வழியை மாற்றிப் பார்த்தேன். சுருளிப்பட்டிப் பக்கம் இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. உங்கள் பிடிவாதம் அப்படியே.

ஆகவே செருப்பு. டேப்பை எடுத்து அளந்தால் முன்கால் வேறு அளவு, பின்கால் வேறு அளவு. பழைய ஸ்கூல் பையில் மேல்பாகத்தை வெட்டித் தைத்தேன். அடிக்கு டியூப் ரப்பர் வைக்கப் போய் இரண்டு ஊசி உடைந்தது. கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பலவேசத்திடம் கொண்டுபோனேன். ஆத்தா, நானும் முப்பது வருசமா தைக்கிறேன், ஒரே ஆளுக்கு நாலு செருப்பு இன்னைக்குத்தான் கேக்கறேன் என்றார். ஆனாலும் நன்றாகவே போட்டுக் கொடுத்தார். மேலே ஒட்டுப்பட்டை. ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்வு விட்டிருக்கிறேன், இந்த முறை ஜாக்கிரதை. முதலில் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் போட்டுப் பழக்கினேன். ஒவ்வொரு காலாக உயரத் தூக்கி வைத்து, கல்யாண வீட்டில் புது மாப்பிள்ளை நடக்கிற மாதிரி நடந்தது. ஒரு செருப்பை அன்றே கொல்லையில் புதைத்துவிட்டது. தோண்டி எடுத்துக் கழுவிப் போட்டேன்.

திங்கட்கிழமைதான் நாலு செருப்போடும் முழு நடை. செருப்பு இருந்தால் மட்டும் போதுமா, சில்லையும் பொறுக்கிவிடுவோம் என்று ஒரு தகர வாளியும் கையுறையும் எடுத்துக்கொண்டேன். ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. சிட்டு நேராக மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போய், சுவரோரம் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இழுத்தேன், வரவில்லை. அதட்டினேன், பிஸ்கட் காட்டினேன், அசையவில்லை. சுவரடியைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுவதும் கண்ணாடி. எத்தனை மாசத்துக் கண்ணாடியோ. சரி, அது உட்காரட்டும், நான் வேலையைப் பார்க்கிறேன் என்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். பாட்டில் ஒன்று பாதி உடையாமல் இருந்தது. அதை வாளிக்குள் போட்டேன். படாரென்று உடைந்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் சிட்டு எழுந்துவிட்டது மாமா. வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது, போகலாமா என்பது போல.

பாட்டில் உடைகிற சத்தம் கேட்டால் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று அதற்கு யார் பழக்கியது? பிறகுதான் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன், நீங்கள் உட்கார்கிற கல்லில். வேலை முடிந்து மண்டியிலிருந்து வருகிற வழியிலேயே குடித்துவிட்டு வருகிறீர்கள், நாயோடு நடப்பது போதை இறங்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நாள் முழுவதும் பாழாகப் போனாலும் அந்த ஒரு மணி நேரம் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று கோவிலில் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் நான். கோபம் வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். நீங்கள் எதிரில் இருந்திருந்தால் வாளியைத் தலையில் கவிழ்த்திருப்பேன். அழுகையும் வந்தது, அந்தப் பந்தலுக்குள் கேட்க ஆளில்லை, நன்றாக அழுதேன்.

அப்புறம் மறுபடி பொறுக்கினேன். மூடியோடு கிடந்த பாட்டில் கழுத்துகளை மட்டும் எண்ணினேன். நூறு தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஒன்றுகூட முழுப் பாட்டில் இல்லை, எல்லாமே சுவரில் அடித்து உடைத்தது. எதற்காக இப்படி உடைத்தீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான், நடந்துவிட்டு வந்ததும் தினமும் நீங்கள் சொல்வது ஞாபகம் வந்தது. இன்னையோட சரி உமா, விட்டுட்டேன் என்பீர்கள். வாடையோடு நின்று அதைச் சொல்லும்போது எனக்கு எரிந்துகொண்டு வரும். வாய் கூசாமல் பொய் சொல்கிற மனுஷன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. இதுதான் கடைசி, இதுதான் கடைசி என்றுதான் ஒவ்வொரு நாளும் உடைத்திருக்கிறீர்கள். நூறு தடவைக்கு மேல் தனியாக நின்று விட்டுப் பார்த்திருக்கிறீர்கள், பக்கத்தில் வாயில்லாத ஜீவன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு. நான் ஒரு நாளாவது நம்பியிருக்கலாம். அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். கை விளங்காமல் போக என்று விட்ட சாபத்தையும் அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொண்டேன். நடுக்கம் குறைந்திருக்கிற அந்தக் கை நன்றாக இருக்க வேண்டும்.

அதனால்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் உடைத்தபோது நீங்கள் உண்மையாகத்தான் இருந்தீர்கள், ஆனாலும் மறுநாள் இன்னொன்று வாங்கினீர்கள். இப்போது மறந்தாச்சு என்று சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். அந்த உண்மை மட்டும் போதவில்லையே மாமா. நான் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தால் திங்கட்கிழமை ஐந்தரைக்குச் சிட்டு உங்களை எங்கே இழுத்துப்போகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதுக்கு வேறு வழி பழக்க எனக்கு நாள் வேண்டும். உங்களுக்கும் வேண்டும். மண்டி அலி அக்பர் பாயைப் பார்த்தேன். முழுசா முடிச்சிட்டு வரச் சொல்லும்மா, அவரு எடம் அப்பிடியே இருக்கு என்றார். யுவராணியிடமும் பேசினேன். அவள் காலண்டரில் தொண்ணூறு நாள் முடிகிற செப்டம்பர் பதினெட்டைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், சனிக்கிழமை உங்களுக்குக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். கோபத்தில் வராமல் இருக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு மற்றவர்கள் வீட்டு ஆட்கள் எல்லாம் வருவார்கள். நீங்கள் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டாம். மணி அடித்ததும் உள்ளே போய் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சோறு ஆறிப்போனால் உங்களுக்கு இறங்காது.

உங்கள்
உமாதேவி