நான்கு நாற்காலிக்குப் புது உறை

பாலவனத்தம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரவீணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் வேலை இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் போகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். புனேவில் நல்ல மழை என்று டிவியில் காட்டினார்கள், இங்கே ஒரு சொட்டு கிடையாது, காற்றுதான் புழுதியை அள்ளி வீசுகிறது. பத்து நாளாக என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்துபோகிறது, அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடுகிறது.

உன் விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று நீ போன் செய்து, நான் அங்க வந்து இருக்கட்டுமாம்மா என்று கேட்டாய். பொறும்மா, பாப்போம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றால் அதற்கு முதல் நாள்தான் உன் விருதுநகர் அத்தை வந்திருந்தார்கள். "பிள்ள வந்தா வரட்டும் கஸ்தூரி, ஆனா முன்வாசல்ல உக்கார விடாத, போறவுக வாரவுக கேப்பாக, கொஞ்ச நாளைக்கு உள்ளயே கெடக்கட்டும்" என்றார்கள். நானும் சரி மதினி என்று தலையாட்டி, காபி கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு நீ வருவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது என்னைப் போட்டு அரிக்கிறது தாயி.

போன திங்கட்கிழமை முன்வாசலில் கிடக்கும் நான்கு இரும்பு நாற்காலிகளையும் பார்த்தேன். மெத்தை உறையெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிழிந்து, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சை அணில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. என்ன தோன்றியதோ, நான்கையும் உரித்துப் போட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன். வெயிலுக்குச் சாயம் போகாத கனத்த துணியாகக் கேட்டு, மயில் கழுத்து நிறத்தில் எடுத்தேன். தைக்கக் கொடுத்துவிடலாம் என்றுதான் அப்பா சொன்னார். எனக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி மோட்டார் தையல் மிஷின் வாங்கியதிலிருந்து அவளுடைய பழைய கால் மிஷின் சும்மாதான் கிடக்கிறது, அதைத் தூக்கி வந்து போட்டேன். அம்பத்தாறு வயதில் முதல் முறையாக மிஷினில் உட்கார்ந்தேன், சக்கரம் பின்னால் சுற்றிச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருந்தது. முதல் உறைக்கு மெத்தை அளவுக்கே சரியாக வெட்டிவிட்டேன், தையலுக்குத் துணி விட வேண்டும் என்று யாருக்குத் தெரியும், சின்னப் பிள்ளை சட்டையைப் பெரிய ஆளுக்குப் போட்ட மாதிரி பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவதில் ஜிப்பை உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். காளீஸ்வரி வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊசியை மாத்துங்கக்கா, இது பிளவுஸ் தைக்கிற ஊசி, இந்தத் துணிக்குத் தாங்காது" என்று தடித்த ஊசி போட்டுக் கொடுத்தாள், நாலு பக்கமும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டச் சொன்னாள். மூன்று நாள், முதுகு விட்டுப்போயிற்று. காற்றில் பறக்காமல் நாற்காலியோடு கட்ட மூலைக்கு மூலை நாடாவும் வைத்தேன். ஒன்றில் தையல் கோணிக்கொண்டுதான் போகிறது, அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலிகளைத் தூக்கி ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நேற்று அத்தை மறுபடி வந்தார்கள். புது உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருக்கு இந்தத் தடபுடலு?" என்று கேட்டார்கள். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். "எம் மகளுக்கு மதினி. அவ வந்து இங்கதான் உக்காருவா. கேக்குறவுக என்கிட்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள், கோபம்தான். ஆறட்டும், ஆறாவிட்டாலும் போகட்டும். இதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும், உன்னைப் பத்து நாள் தவிக்க விட்டேன், அம்மாவை மன்னித்துக்கொள்.

நீ என்றைக்கும் தைரியமாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். கிளம்பும்போது படிப்புச் சர்டிபிகேட்டுகளை மறந்துவிடாதே, பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள். மதுரைக்கு அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வருவார். இனி வரட்டுமா என்று கேட்காதே, எந்த ரயில் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெ. கஸ்தூரி